ஒப்புதல் பெற்ற ஜீன்ஸ்

ஆலங்குடிக்கு நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்த மெட்ரிகுலேஷன் பள்ளியின் பெயர் ரொம்ப நீளம். பள்ளி வேனின் இரண்டு பக்கமும் எழுதியும் இடம் போதாமல் மிச்சத்தைப் பின்பக்கம் எழுதியிருந்தார்கள். ஜூனிலிருந்து நவம்பர் வரை அங்கே பாடம் நடக்கும். டிசம்பர் பிறந்தால் குழுக்கள் பிறக்கும். கலைக் குழு, ஒழுங்குக் குழு, மேடைக் குழு, வரவேற்புக் குழு, இந்தக் குழுக்கள் எல்லாம் ஒழுங்காகக் கூடுகின்றனவா என்று பார்க்க இன்னொரு குழு. பிப்ரவரியில் ஆண்டு விழா முடிந்த பிறகுதான் பிள்ளைகள் மறுபடி ஆசிரியர்களின் கண்ணில் படுவார்கள்.

அந்த டிசம்பரில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்றறிக்கை வந்தது.

“ஆண்டு விழாவில் நம் மாணவர்கள் ‘ஏர் பிடித்த கைகள்’ என்னும் உழவர் நடனம் ஆடவிருக்கிறார்கள். பங்கேற்கும் நாற்பத்திரண்டு மாணவர்களும் கறுப்பு நிற ஸ்கின்னி ஜீன்ஸ் அணிய வேண்டும். ஜீன்ஸ் விலை குறைவாகவும், நீடித்து உழைப்பதாகவும், காலோடு ஒட்டியதாகவும் இருக்க வேண்டும். பெற்றோரை நிர்வாகம் எவ்விதத்திலும் கட்டாயப்படுத்தவில்லை. வாங்க இயலாதவர்களின் பிள்ளைகள் மரமாக நிற்கலாம்.”

சந்தனராஜ் இதை இரண்டு தடவை படித்தான். ஆலங்குடி கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன் அவன். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டார விவசாயிகள் அவனிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு விவசாயிகூட ஸ்கின்னி ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்ததில்லை. ஆனாலும் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், ஏதாவது விஷயம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

மரம் என்ற வார்த்தைதான் அவனைக் கலக்கியது. அவன் மகன் ஜெரால்டு ஒண்ணாம் வகுப்பிலிருந்து மரம். நாலு ஆண்டு விழாவிலும் கையில் வேப்பங்கொத்தோடு ஓரத்தில் நின்றிருக்கிறான். ரெண்டாம் வகுப்பில் ஒருமுறை தும்மியதற்கு, மரம் தும்மாது என்று எழுதி டைரியில் பெற்றோர் கையெழுத்து வாங்கினார்கள். இந்த வருஷம்தான் முதல் தடவையாக ஆட்டத்தில் இடம். அதுவும் முன்வரிசை. பாட்டு முடிகிற இடத்தில் முட்டி போட்டுச் சறுக்கிக்கொண்டே மேடை நடுவுக்கு வந்து கையை விரிக்க வேண்டும். அதற்கு ஆள் தேர்ந்தெடுத்த அன்று மற்ற பையன்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள் அல்லது கவிழ்ந்துவிட்டார்கள். ஜெரால்டு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து சாயங்காலமானால் வீட்டுச் சிமெண்டுத் தரையில் இதே வேலை. முட்டி இரண்டும் தேய்ந்து கறுத்தன. தூக்கத்தில்கூட ஒன், டூ, த்ரீ சொன்னான். பத்து வயதுப் பையனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் வேறு இருக்க முடியாது; அப்பனுக்கும்தான்.

சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு மகனோடு புதுக்கோட்டை பஸ் ஏறினான். கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடை. விற்பனைப் பையன் ஒரு கறுப்பு ஜீன்ஸை உருவி, அதன் இடுப்பை ஜெரால்டின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தான். இரண்டு முனையும் பிடரியில் தொட்டன.

“அளவு கரெக்ட்டுண்ணே. பில் போட்ரவா?”

“ரெண்டு சைஸ் பெருசா எடுங்க தம்பி. வளர்ற புள்ள.”

“அண்ணே, இது ஸ்கின்னி. ஒட்டித்தான் இருக்கும். பெருசா எடுத்தா அது ஸ்கின்னியே இல்லண்ணே.”

“ஒட்டித்தான் இருக்கணும். ஆனா மூணு வருஷம் வரணும்.”

“மூணு வருஷம் ஒட்டி இருக்கணும்னா ஒங்க பையன் வளரக் கூடாதுண்ணே.”

அளவான துணி எடுத்துக் கொடுத்த அப்பன் யாரும் எங்கள் மாவட்டத்தில் இல்லை. சர்ச்சில் புது நன்மை வாங்கியபோது எடுத்த வெள்ளைச் சட்டையை ஜெரால்டு இன்னும் கையை மடித்துத்தான் போடுகிறான். ஆகவே நானூற்றைம்பது ரூபாய்க்கு இரண்டு சைஸ் பெரிய ஸ்கின்னி ஜீன்ஸ் வாங்கப்பட்டது. துணி கெட்டி. சந்தனராஜ் இழுத்துப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். திரும்பி வரும்போது பையன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அம்மாகிட்ட குடுத்தா புடிச்சுத் தந்துரும்டா. அழுவாத.”

“நான் ஒண்ணும் அழுவல.”

சந்தனராஜின் மனைவி ரீட்டா வீட்டில் தையல் மிஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிறவள். ஜீன்ஸை உள்பக்கம் திருப்பி, நாலு விரல் துணியை உள்ளே மடித்துவிட்டு, காலோடு ஒட்டுகிற மாதிரி பிடித்துத் தைத்தாள். “வருஷத்துக்கு ஒரு தையல் பிரிச்சா எட்டாங்கிளாஸ் வரைக்கும் வரும்ங்க” என்றாள். ஜெரால்டு போட்டுப் பார்த்து ஒரு சறுக்கு சறுக்கினான். வீடே நிம்மதியாக இருந்தது, திங்கட்கிழமை காலை வரை.

திங்கட்கிழமை பள்ளி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ஆடை ஒப்புதல் படிவம். அதில் கலைக் குழுவும் ஒழுங்குக் குழுவும் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத ஜீன்ஸ் போட்ட பையன் ஒத்திகையில் நிற்கக் கூடாது.

கலைக் குழு என்பது ஃபெமினா மிஸ். அவர் ஜீன்ஸ் போட்ட ஜெரால்டின் கெண்டைக்காலில் இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். துணி விரலில் சிக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். சந்தனராஜுக்குத் தைரியம் வந்துவிட்டது.

“மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க. விவசாயின்னா வேட்டிதானே கட்டுவாரு?”

“வேட்டி கட்டியும் ரிகர்சல் பாத்தோம் சார். பசங்க நெசமாவே விவசாயி மாதிரி இருந்தாங்க. ஸ்டேஜ்ல அது நல்லா இருக்காது.”

ஒழுங்குக் குழு என்பது சேரன் சார். மேஜை மேல் கரும்பலகை அழிக்கிற டஸ்டர் ஒன்றை வைத்திருந்தார். பள்ளி விதி பதினாலின்படி, எந்த மாணவனின் கால்சட்டைக்குள்ளும் இடுப்பு வழியாகப் போட்ட டஸ்டர் கணுக்கால் வழியாகத் தானே வெளியே வர வேண்டும். அவர் போட்டார். டஸ்டர் தொடையிலேயே நின்றுவிட்டது. குலுக்கச் சொன்னார். ஜெரால்டு குலுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை.

“டஸ்டர் வரலைன்னா அது டைட். டைட்டுன்னா ஒழுக்கக்கேடு.”

“சார், ஒட்டி இருக்கணும்னு ஸ்கூல்லதான் சொன்னாங்க.”

“அது கலைக் குழு சொன்னது. நான் ஒழுங்குக் குழு. ரெண்டும் ஒண்ணாயிட்டா அப்புறம் எதுக்கு ரெண்டு குழு?” சேரன் சார் சாய்ந்து உட்கார்ந்தார். “பதினேழு வருஷம் சார். காலைல கேட்ல நின்னு ஒவ்வொரு பையனோட கணுக்காலையும் பாக்குறேன். பழைய ஸ்டூடன்ட் யாராச்சும் வந்து, சார் என்னைத் தெரியுதான்னு கேட்டா, பேண்டைக் கொஞ்சம் தூக்குப்பா, சொல்றேன்னுதான் சொல்லுவேன். மொகம் ஒண்ணும் ஞாபகத்துல நிக்கலை. அவ்வளவு டெடிகேஷன்.”

ரீட்டா தையலைப் பிரித்தாள். டஸ்டர் விழுந்தது. சேரன் சார் கையெழுத்துப் போட்டார். ஆனால் ஜீன்ஸ் மாற்றப்பட்டுவிட்டதால் ஃபெமினா மிஸ்ஸின் கையெழுத்து செல்லாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஃபெமினா மிஸ் கிள்ளிப் பார்த்தார். துணி கையோடு வந்தது. ரீட்டா மறுபடி பிடித்தாள். சேரன் சாரின் கையெழுத்து செல்லாமல் போயிற்று. இப்படி ஜனவரி முதல் வாரத்துக்குள் அந்த ஜீன்ஸ் ஐந்து தடவை ஒல்லியாகி ஐந்து தடவை குண்டானது. சந்தனராஜ் தினமும் காலையில் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்தான், எழுந்தான், நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். கடையில் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. கறம்பக்குடி பக்கத்திலிருந்து சேவுகன் என்ற விவசாயி நாளுக்கு மூன்று தடவை போன் செய்தார். அவர் மகன் எழிலரசனும் அந்த உழவர் நடனத்தில் பின்வரிசையில் ஆடுகிறான்.

“தம்பி, மோட்டார் என்னாச்சு? கடலை வாடுது.”

“உழவர் நடனத்துக்கு அலைஞ்சுக்கிட்டு இருக்கேண்ணே. முடிஞ்சதும் கட்டித் தாரேன்.”

ஒத்திகை நடந்துகொண்டுதான் இருந்தது. படிவம் இல்லாத ஜெரால்டைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். அவன் இடத்தில் வேறு ஒரு பையனைச் சறுக்கச் சொன்னார்கள். அவன் பாதியில் கவிழ்ந்தான். ஜெரால்டு நின்ற இடத்திலேயே உடம்பை அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை வராந்தாவிலிருந்து சந்தனராஜ் பார்த்தான். 

அன்றைக்கு வீட்டுக்குப் போய், பழைய பயணப்பையில் இருந்த நீள ஜிப்புகள் இரண்டைப் பிய்த்தெடுத்தான். மோட்டாருக்குள் முறுக்கு முறுக்காகச் செம்புக் கம்பியை அடைக்கத் தெரிந்தவனுக்கு ஒரு கால்சட்டை பெரிய காரியமா? அவன் சொல்லச் சொல்ல ரீட்டா தைத்தாள். பக்கத் தையல் நெடுக ஒரு ஜிப். திறந்தால் உள்ளே மடிந்திருக்கும் துணி விரிந்து டஸ்டர் தடையில்லாமல் இறங்கும். மூடினால் காலோடு ஒட்டும்.

சேரன் சார் ஜிப்பைத் திறந்து டஸ்டரைப் போட்டார். பொத்தென்று விழுந்தது. “ஜிப் திறந்திருக்கும்போது இதில் பூரண ஒழுக்கம் இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஃபெமினா மிஸ் ஜிப்பை மூடிக் கிள்ளிப் பார்த்து, “மூடியிருக்கும்போது கலை இருக்கு” என்றார். ஒரே படிவத்தில் இரண்டு கையெழுத்தும் நின்றது பள்ளி வரலாற்றில் அதுவே முதல் முறை என்று அலுவலக கிளார்க் எழுந்து நின்று கைகொடுத்தார்.

சந்தனராஜ் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

தாளாளர் அறிவுச்செல்வன் ஜீன்ஸை மேஜை மேல் விரித்து வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“மிஸ்டர் சந்தனராஜ், இந்தப் பள்ளியோட கொள்கை என்ன தெரியுமா? சிந்தனை. பிள்ளைகள் சுயமா சிந்திக்கணும். ஒவ்வொருத்தரும் சிந்திக்க ஆரம்பிச்சா நாற்பத்திரண்டு விதமா போயிடும். அதனால ஒருத்தர் சிந்திச்சதை நாங்க எடுத்து எல்லாருக்கும் கட்டாயமாக்கிடுறோம். ஒங்க சிந்தனையை ஏத்துக்கிட்டோம். இதுதான் இனிமே மாதிரி.”

அரக்கு உருக்கி, ஜீன்ஸின் இடுப்பில் ஒரு அட்டையைக் கட்டி முத்திரை வைத்து, அலுவலக பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்கள். மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளுக்கும் இதேபோல் பக்கவாட்டு ஜிப் வைத்த ஜீன்ஸ் வேண்டும், மாதிரியை வேலை நேரத்தில் வந்து பார்வையிடலாம் என்று சுற்றறிக்கை போயிற்று. ஆலங்குடியில் நீள ஜிப் தீர்ந்தது. பெற்றோர்கள் சந்தனராஜை நல்ல வார்த்தையில் திட்டினார்கள், சில பேர் கெட்ட வார்த்தையிலும்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சந்தனராஜ் ஜீன்ஸைக் கேட்டுப் போனான்.

“மாதிரியை எப்படிங்க வெளிய குடுக்கிறது?” தாளாளருக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “அதைக் குடுத்துட்டா மத்த ஜீன்ஸ் எல்லாம் சரியா தப்பான்னு எதை வச்சுப் பாக்கறது?”

“ஐயா, அது எம் மகனோடது. அவன் அதைப் போட்டு ஆடணும்.”

“ஆடினா கசங்கிடும். வேற ஒண்ணு வாங்கிக்கோங்க.”

வாங்கினான். ரீட்டா ராவும் பகலும் உட்கார்ந்து அதற்கும் ஜிப் வைத்தாள். கொண்டுபோனபோது கிளார்க் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். ஜெரால்டு பெயருக்கு நேரே ஏற்கெனவே ஒரு ஜீன்ஸ் ஒப்புதல் பெற்றிருக்கிறது. ஒரு மாணவனுக்கு ஒரு ஒப்புதல்தான். பழையதை ரத்து செய்தால் மாதிரி ரத்தாகிவிடும். மாதிரி ரத்தானால் நாற்பத்தொரு ஜீன்ஸும் ரத்து. ஜெரால்டு ஒருவனுக்காக இவ்வளவும் செய்வது நியாயமா என்று கிளார்க் சந்தனராஜையே கேட்டார். கடைசியில் அவர்களாகவே ஒரு வழி சொன்னார்கள். பையன் மேடையில்தான் இருப்பான், கவலை வேண்டாம், மரமாக நிற்கட்டும்.

வீட்டில் இதைச் சொன்னதும் ஜெரால்டு சறுக்கிப் பழகிய தரையில் போய்ச் சும்மா உட்கார்ந்துகொண்டான்.

“ஒரு பேண்டு வாங்குனதுக்கு இம்புட்டு மரியாதையா? நான் வாரேன், அந்த ஆளை நாலு கேள்வி கேக்குறேன்” என்று ரீட்டா கிளம்பினாள். அவளைப் பிடித்து உட்கார வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது சந்தனராஜுக்கு.

ஆண்டு விழா பிப்ரவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், சாயங்காலம் நாலு மணிக்குத் தொடங்கியது. மேடையில் குத்துவிளக்கு. பக்கத்தில், ஜவுளிக்கடையிலிருந்து இரவல் வாங்கிய, இடுப்புக்குக் கீழே மட்டும் உள்ள பொம்மை ஒன்று. அதற்கு மாதிரி ஜீன்ஸை மாட்டியிருந்தார்கள். ‘பெற்றோர்–பள்ளி ஒத்துழைப்பின் சின்னம்’ என்று அட்டை. சிறப்பு விருந்தினர் விளக்கேற்றினார். பக்கத்தில் நின்ற இரண்டு கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இந்தப் பள்ளியின் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்து அதற்கும் இரண்டு ரோஜாப்பூவைப் போட்டுக் கும்பிட்டார். பிறகு, இன்றைய இளைஞர்கள் இறுக்கமான ஜீன்ஸ் அணிந்து சீரழிவது பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மேடைக்குக் கீழே நடனத்துக்குத் தயாராக நின்ற நாற்பத்தொரு பையன்களும், சேரன் சார் விசில் அடித்ததும் ஒரே சமயத்தில் ஜிப்பைத் திறந்தார்கள். பேச்சு முடிந்து ஃபெமினா மிஸ் கைதட்டியதும் மூடினார்கள்.

“அடுத்து, முன்மாதிரிப் பெற்றோர் திரு. சந்தனராஜ் அவர்களுக்குத் தாளாளர் பொன்னாடை போர்த்துவார்” என்று மைக்கில் அறிவித்தார்கள்.

சந்தனராஜ் மேடையேறினான். பொன்னாடை விழுந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். அவன் திரை ஓரத்தைப் பார்த்தான். ஜெரால்டு யூனிஃபார்ம் டவுசரில், கையில் வேப்பங்கொத்தோடு அசையாமல் நின்றிருந்தான். நாலு வருஷப் பழக்கம், நன்றாக நிற்கத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்ததும் சந்தனராஜுக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

“எனக்குப் பேச வராதுங்க. எம் மகன் ஆடணும்” என்று சொல்லிவிட்டு, நேராகப் பொம்மையிடம் போய் ஜீன்ஸை உருவினான். பொம்மை சாய்ந்து சிறப்பு விருந்தினர் மடியில் விழுந்தது. தாளாளர் காதோரம் வந்து, “விழா முடியட்டும், ஒரு விண்ணப்பம் எழுதிக் குடுங்க” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். இதெல்லாம் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து வரவேற்புக் குழு பலமாகக் கைதட்டியது.

பாட்டு தொடங்கிவிட்டது. திரைக்குப் பின்னால் டவுசருக்கு மேலேயே அப்பன் ஜீன்ஸை ஏற்றிவிட்டான். ஜிப்பைப் பையனே மூடினான். ஃபெமினா மிஸ் இடுப்பில் தொங்கிய அரக்கு முத்திரையைப் பார்த்தார், பையன் முகத்தைப் பார்த்தார், படிவம் கேட்கவில்லை. முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினார்.

கடைசி அடி வந்தது. ஜெரால்டு மேடையின் ஓரத்திலிருந்து சறுக்கிக்கொண்டே நடுவுக்கு வந்து இரண்டு கையையும் விரித்தான். கூட்டம் ஓவென்று கத்தியது. ரீட்டா நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். மேடைக் குழு அடிக்காமல் விட்ட ஆணி ஒன்று ஜீன்ஸின் வலது முட்டியைக் கிழித்திருந்தது பையனுக்குத் தெரியவே இல்லை. சந்தனராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவன் பொன்னாடையால் துடைத்துக்கொண்டான்.

ஜீன்ஸைப் பள்ளியில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பையனுக்கு டி.சி. கொடுத்துவிடுவார்கள் என்றே சந்தனராஜ் நினைத்தான். நாலாம் நாள் சுற்றறிக்கை வந்தது.

“மாதிரி ஜீன்ஸை ஒழுங்குக் குழு மறு ஆய்வு செய்தது. வலது முட்டியில் மூன்றேகால் அங்குல நீளக் கிழிசல் காணப்படுகிறது. மாதிரியில் உள்ள அனைத்தும் ஒப்புதல் பெற்றவையே. உழவர் நடனம் மார்ச் மாத விளையாட்டு விழாவிலும் இடம்பெறுவதால், மற்ற நாற்பத்தொரு மாணவர்களின் ஜீன்ஸிலும் அதே இடத்தில், அதே அளவில் கிழிசல் இருக்க வேண்டும். கிழிசலின் ஓரங்கள் இயல்பாக அமைதல் அவசியம்.”

மறுநாள் காலையில் சந்தனராஜ் கடை திறக்க வந்தபோது வாசலில் பதினைந்து இருபது பேர் நின்றிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு கறுப்பு ஜீன்ஸ். முன்மாதிரிப் பெற்றோர் கையால் கிழித்தால் சேரன் சார் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். முதல் ஆளாக சேவுகன் நின்றார்.

சந்தனராஜ் அவர் கொடுத்த ஜீன்ஸைத் தடவிப் பார்த்தான். நல்ல துணி. இரண்டு சைஸ் பெரிது. மூன்று வருஷம் கண்ணை மூடிக்கொண்டு வரும். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டான்.

“அண்ணே, இதை எதுக்கு நான் கிழிக்கணும்? ஓரம் வேற இயல்பா இருக்கணும்ங்கிறாங்க. பையன்கிட்டயே குடுத்துருங்க. ரெண்டு நாள் ஸ்கூலுக்குப் போட்டுட்டுப் போயி ஓடியாடி வெளையாண்டான்னா தானா கிழிஞ்சுரும்.”

சேவுகன் அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

“வெளையாடவா? அங்க எங்க தம்பி வெளையாட விடுறாங்க? வெளையாட்டு பீரியட்லயும் கணக்குல்ல நடத்துறாங்க.”

பின்னால் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள். சந்தனராஜ் ஜீன்ஸின் வலது முட்டியில் மூன்றேகால் அங்குலம் அளந்தான். பிறகு கத்தரிக்கோலை எடுத்தான்.